முடி நடவுக்கு முன் பின்மண்டைத் தோலை நெகிழ வைப்பது எப்படி

முடி நடவுக்கு நாள் குறித்ததும் "தலைக்குப் பயிற்சி செய்துகொண்டு வாருங்கள்" என்று கிளினிக்கில் சொன்னால், திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செய்யப்போவது எஃப்யூடியா, எஃப்யூஇயா?

எஃப்யூஇயில் முடி வேர்களை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய சிறு துளைகள் வழியே தனித்தனியாக எடுக்கிறார்கள். தையல் கிடையாது. அதற்கு இந்தப் பயிற்சி பெரிதாக உதவாது. எஃப்யூடி வேறு. பின்மண்டையிலிருந்து தோலை ஒரு பட்டையாக அறுத்தெடுத்து, மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். பட்டையின் அகலம் பெரும்பாலும் 1 முதல் 1.5 செ.மீ. தோல் இறுக்கமாக இருந்தால் தையல் மேல் இழுவிசை விழும், தழும்பு அகலும், ஓரத்து முடிக்கு இரத்தம் சரியாகப் போகாமல் அதுவும் கொட்டும்.

இறுக்கத்தைப் பார்த்த டாக்டர் பட்டையை ஒடுக்கமாக எடுத்தால் கிராஃப்ட், அதாவது நடக் கிடைக்கும் வேர்க்கொத்து, குறையும். ஒரு சதுர செ.மீ.க்கு 70 வேர்க்கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம் என்றால் 1,400. அகலம் 1.3 ஆனால் 1,820. வெறும் 3 மில்லிமீட்டரில் 420 வேர்க்கொத்து வித்தியாசம். பயிற்சியே இதற்காகத்தான். இதைச் செய்தால் புதிதாக முடி முளைக்கும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தலைத்தோல், அதனடிக் கொழுப்பு, அதற்கும் அடியில் கேலியா என்ற விறைப்பான சவ்வு, மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே விரிப்பாக நகரும். சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவில் தளர்வான ஒரு படலம் இருக்கிறது. நீங்கள் அசைக்க வேண்டியது அங்கே. விரல் தோல் மேல் வழுக்கினால் அது வெறும் மசாஜ், முடி உடைவதுதான் மிச்சம். விரல் ஒட்டிய இடத்திலேயே நிற்க, தோல் எலும்பு மேல் நகர வேண்டும்.

தொடங்குமுன் அளந்து வையுங்கள். வீட்டில் ஒருவரை விட்டு, பின்மண்டையின் நடுவில் புருவப் பென்சிலால் ஒன்றன்கீழ் ஒன்றாக 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் அந்தக் கோடுகளை நெருக்கி, முடிந்தவரை அருகில் வந்ததும் மீண்டும் அளக்க வேண்டும். 5 செ.மீ. 4 ஆகச் சுருங்கினால் நெகிழ்வு 20 விழுக்காடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே ஆள் அளந்தால்தான் கணக்கு ஒத்துவரும். பட்டை எவ்வளவு அகலம் என்பதை டாக்டர் தன் கையால் பார்த்துத்தான் முடிவு செய்வார். உங்கள் எண் முன்னேற்றம் தெரிந்துகொள்ள மட்டும்.

எண்ணெய் வைக்காத, உலர்ந்த தலையில் செய்யுங்கள். கோலாலம்பூர் புழுக்கத்தில் வியர்வையே விரலை வழுக்க வைக்கும், அதனால் குளித்துத் துவட்டிய பிறகு காற்றாடிக்கு அடியில் உட்காருவது நல்லது. நகத்தை வெட்டிவிடுங்கள். இரண்டு கை விரல்களையும் கோத்து, காது மட்டத்தில் பின்மண்டை மேல் உள்ளங்கைகளை அழுத்தி வையுங்கள். தோலை மேலே தள்ளி இரண்டு விநாடி நிறுத்தி, பிறகு கீழே இழுங்கள். பாதி நேரம் இப்படிச் செய்தபின், ஒரு உள்ளங்கையை மேலும் மற்றதைக் கீழும் வைத்து நடுத்தோலை மடிப்பு விழும்படி நெருக்குங்கள். முதல் வாரம் ஒரு வேளைக்கு 5 நிமிடம் போதும். பிறகு 10, 15 நிமிடம், நாளைக்கு இரண்டு அல்லது மூன்று வேளை. இப்படி 4 முதல் 8 வாரம். கடைசி வாரத்தில் அவசரமாக ஒரு மணி நேரம் பிசைந்தால் தோல் கன்றிப் போகுமே தவிர நெகிழாது.

தோள் வலித்தால் முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கழுத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம், அசைய வேண்டியது தோல் மட்டும். பலர் உச்சந்தலையைப் பிசைகிறார்கள். பட்டை அங்கிருந்து எடுப்பதில்லை. தலையில் புண், சீழ்க்கொப்புளம், சொரியாசிஸ் இருந்தால் முதலில் அதற்கு மருந்து. ஏற்கெனவே எஃப்யூடி செய்த தழும்பு இருப்பவருக்குத் தோல் கூடுதல் இறுக்கமாக இருக்கும், அவர் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் செய்யட்டும். இயல்பிலேயே தோல் மிகத் தளர்வாக இருப்பவர் பயிற்சியைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்ட தோலில் தழும்பு இன்னும் அகலமாகலாம்.

எப்போது நிறுத்துவது என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். தோல் சிவந்தோ கன்றியோ அறுவைக்குப் போகக் கூடாது. மீன் எண்ணெய், வைட்டமின் இ, பூண்டு மாத்திரை எல்லாம் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம், சாப்பிடுவதை மறைக்காமல் சொல்லுங்கள். இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டர் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தைப்பூசத்துக்கு மொட்டை நேர்ந்திருந்தால் அறுவைக்கான தேதியை யோசித்துக் குறியுங்கள். தையலை மறைக்கப் பின்மண்டையில் சுமார் 2 செ.மீ. முடியாவது வேண்டும், மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும். பத்துமலையிலோ தண்ணீர்மலையிலோ முதலில் மொட்டையை முடித்து, இரண்டு மூன்று மாதம் விட்டு அறுவை வைத்துக்கொள்வது நல்லது. எஃப்யூடிக்குப் பிறகு எப்போது மொட்டை அடித்தாலும் காதுக்குக் காது ஒரு கோடு தெரியும். மொட்டை வேண்டுதல் அடிக்கடி உள்ளவர் எஃப்யூடியே வேண்டுமா என்று யோசிக்கலாம்.

அறுவைக்குப் பின் இந்தப் பயிற்சி கிடையாது. தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை மோட்டார் சைக்கிளை மறந்துவிடுங்கள்: ஹெல்மெட்டின் பின் ஓரம் தையல் மேலேயே உட்காரும். இரண்டாவது எஃப்யூடிக்காக மறுபடி தொடங்குவதென்றால், தழும்பைத் தொட்டுப் பார்த்து டாக்டர் சரி என்ற பிறகுதான்.