ஆர்க்கிட் திசு வளர்ப்பு: பழுப்பை அடக்கப் போய் முளையையும் அடக்கிவிடாதீர்கள்

ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் செடியின் துண்டை வைத்த ஓரிரு நாளிலேயே மீடியா (பாட்டிலில் உள்ள சத்துக் கலவை) பழுப்பாகிவிட்டால் பலரும் உடனே தேடுவது ஆக்டிவேட்டட் சார்கோல் எனும் உறிஞ்சும் கரியைத்தான். லிட்டருக்கு 1, 2 கிராம் என்று கரியைக் கொட்டி, அதே மீடியாவில் முளை தூண்டும் ஹார்மோனான பிஏபி-யையும் போட்டுவிட்டு, முளையே வரவில்லையே என்று காத்திருப்பார்கள். எப்படி வரும்? கரி, பழுப்புக்குக் காரணமான பீனாலை மட்டும் பிடிப்பதில்லை, பிஏபி, வேர் தூண்டும் ஹார்மோனான என்ஏஏ இரண்டையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும். ஹார்மோனைக் கூட்டிப் போட்டுச் சரிக்கட்டலாம் என்றால், திசுவுக்கு எவ்வளவு மிஞ்சியது என்பது தெரியாமலே ஓட்ட வேண்டியதுதான். முளை தூண்டும் கட்டத்தில் கரியைத் தவிருங்கள். வேர் விடும்போது போடுங்கள், அங்கே நன்றாகவே உதவும்.

சரி, பழுப்பை எப்படி அடக்குவது? அது தொடங்குவதே வெட்டுக்காயத்தில்தான். செல் உடைந்து வெளிவரும் பீனால்களை பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி ஆக்சிஜனோடு சேர்த்து குயினோன்களாக மாற்றுகிறது, நிறம் தருவதும் திசுவைச் சாகடிப்பதும் இவைதான். அதனால் மழுங்கிய பிளேடால் நசுக்கி வெட்டுவதுதான் முதல் தவறு. வெட்டிய துண்டைக் காற்றில் கிடக்கவிடாமல், லிட்டருக்கு 100 மி.கி. அளவில் அஸ்கார்பிக், சிட்ரிக் அமிலங்கள் கலந்த கரைசலில் போடுங்கள். அஸ்கார்பிக் அமிலத்தை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலம்) வைத்தால் பெரும்பகுதி சிதைந்துவிடும், நுண்வடிகட்டியில் வடிகட்டித்தான் கிருமி நீக்க வேண்டும். கிருமி நீக்கும்போது ப்ளீச் பட்டு வெளுத்த முனைகளை நறுக்கிவிட்டு நடுங்கள். முதல் ஒரு வாரம் இருட்டில் இருக்கட்டும். மீடியா பழுப்பானால் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்காமல் ஓரிரு நாளில் புது மீடியாவுக்கு மாற்றிவிடுங்கள், செலவு குறைந்த, எளிய வழி இது.

பிஎல்பி-க்களை (செடியாக வளரக்கூடிய சிறு பச்சை உருண்டைகள்) பொடிப்பொடியாக வெட்டினால் எண்ணிக்கை கூடும் என்ற ஆசையும் வேண்டாம், துண்டு சிறுத்தால் காயம்தான் பெரிது, பாதி கருகிவிடும். டிடிஇசட் என்ற வீரியமான ஹார்மோன் வேகமாக முளை தரும் என்பது உண்மைதான், ஆனால் அதிலேயே நீண்ட நாள் விட்டால் நீர்கோத்த, உருக்குலைந்த தளிர்கள்தான் வரும். முளை தெரிந்ததும் ஹார்மோன் இல்லாத மீடியாவுக்கு மாற்றுங்கள்.

பூந்தண்டின் கணுவை வெட்டி வைத்து வளர்ப்பவர்கள் வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். சுமார் 28 டிகிரி இருந்தால் கணு இலைத்தளிர் விடும், 25-க்குக் கீழே போனால் அதே கணு பாட்டிலுக்குள்ளேயே மறுபடி பூந்தண்டு விடப் பார்க்கும், பிஏபி-யைக் குறை சொல்லிப் பயனில்லை.