காலப்பயணத் தொடரைப் பார்த்துவிட்டு "எல்லாம் தலையெழுத்து" என்று முடித்துவிடாதீர்கள்

டார்க் என்ற காலப்பயணத் தொடரைப் பார்த்து முடித்தவர்களிடம் நம் ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊரிலோ கீழக்கரையிலோ பேசிப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் "எல்லாம் தலையெழுத்து, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது" என்று கதையை மூடிவிடுவார்கள். பெரிய தவறு இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளம்புகிறது. (முடிவு வரைக்கும் பேசப் போகிறேன், மூன்று சீசனும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

தலையெழுத்து என்றால் எழுதியவன் ஒருவன் வேண்டும். 2017 முதல் 2020 வரை வந்த இந்த ஜெர்மன் தொடரில் அப்படி யாரும் கிடையாது. காணாமல்போன மகனைத் தேடிக் குகைக்குள் நுழையும் உல்ரிக், 1953-இல் போய் நிற்கிறான். அங்கே சிறுவன் ஹெல்கேவைப் பார்த்ததும், பிள்ளைகள் காணாமல்போவதற்குப் பின்னால் வளர்ந்த ஹெல்கே இருக்கிறான் என்று நம்பி, இப்போதே முடித்துவிட்டால் மகன் பிழைப்பான் என்று கல்லால் அடிக்கிறான். பையன் சாகவில்லை, தழும்போடு வளர்கிறான், அந்தத் தழும்பு வளர்ந்த ஹெல்கேவிடம் நாம் ஏற்கெனவே பார்த்த தழும்பு. உல்ரிக்கின் கையைப் பிடித்து யாரும் கல்லைத் திணிக்கவில்லையே! மகன் மேலுள்ள பாசத்தில் அவனே யோசித்து அவனே எடுத்த முடிவு, அந்த முடிவு இல்லாமல் அந்தத் தழும்பு இல்லை. தேர்வு இல்லாத உலகம் என்று இதைச் சொல்லவே முடியாது, அவரவர் தேர்வுகளால்தான் காலம் தன்னையே சுற்றிக்கொள்ளும் அந்த முடிச்சே விழுகிறது.

அடுத்தது, முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கட்டுப்பட்டுவிட்டோம் என்று நினைப்பது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள், கூண்டு ஏற்றியதாலா புயல் வருகிறது? அதைப் பார்த்துவிட்டு நாட்டுப்படகைக் கரையேற்றிக் கட்டுவதா வேண்டாமா என்பது படகுக்காரர் எடுக்கும் முடிவு. தொடரின் நாயகன் யோனாஸுக்கும் அப்படித்தான். தற்கொலை செய்துகொண்ட தந்தை எழுதிய கடைசிக் கடிதம் அவனிடம் இருக்கிறது, சாவைத் தடுக்கத்தான் போகிறான், ஆனால் அந்தக் கடிதத்தை அவரிடமே காட்டுகிறான், அதுவரை அவருக்கு அந்த எண்ணமே இல்லை. கடிதம் அவனிடம் இருந்ததால் வந்த வினை இல்லை, அதை எடுத்துக்கொண்டு போய் நீட்டியதால் வந்தது.

அப்புறம், ஒரு தொடரின் விதியை இன்னொரு தொடருக்குப் போட்டுப் பார்ப்பது. இங்கேதான் வாக்குவாதம் வீணாகப் போகிறது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலை அலை கொண்டுபோனது, நம் கரையில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர் குறைவு. அந்த ரயிலை நிறுத்த ஒருவர் காலத்தில் பின்னால் போகிறார் என்று வையுங்கள். டார்க் மாதிரிக் கதையில் அவர் பாம்பனில் தகராறு செய்து ரயிலைத் தாமதப்படுத்துவார், அந்தத் தாமதத்தாலேயே ரயில் அலை வரும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும். கென்னடி கொலையைத் தடுக்கப் போகும் 11.22.63 மாதிரிக் கதையில் கடந்த காலம் அவரை முட்டிமோதித் தடுக்கும், ஆனாலும் ரயில் நிற்கும், திரும்பி வந்தால் நிகழ்காலம் வேறு விதமாகக் கெட்டுக் கிடக்கும். கிளை பிரியும் கதையில் ரயில் இன்னொரு உலகத்தில் தப்பிக்கும், நம் உலகத்தில் போனது போனதுதான். மூன்றிலும் மனித விருப்பத்துக்கு வேறு வேறு இடம். எந்த வகைக் கதை என்று முதலில் முடிவுசெய்யாமல் "ஏன் மாற்றவில்லை?" என்று சண்டை போடுவதில் பயனில்லை.

கடைசித் தவறு, முடிவைப் பார்த்து "கடைசியில் விதியை மதியால் வென்றார்கள்" என்று கைதட்டுவது. முடிச்சுக்குள் விதி உடையவே இல்லை. பேரழிவு நேரும் கணத்தில் காலம் ஒரு நொடி நின்றுவிடுகிறது, அந்த இடைவெளியில் மட்டுமே வேறு வழி திறக்கிறது. யோனாஸும் அவன் காதலி மார்த்தாவும் அதன் வழியாக, இந்த முடிச்சு உருவாவதற்கு முன்பிருந்த மூல உலகத்துக்குப் போகிறார்கள். அங்கே விபத்தில் செத்த மகன் குடும்பத்தை மீட்கக் கடிகாரக்காரர் டன்ஹவுஸ் செய்த கால எந்திரத்தால்தான் முடிச்சே பிறந்தது. அந்த மகன் குடும்பத்தோடு வந்த காரை இருவரும் திரும்பிப் போகச் செய்கிறார்கள், அதனாலேயே இருவரும் பிறக்காதவர்களாகிவிடுகிறார்கள். வெற்றி என்று சொல்வதானால் அதன் விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவரையொருவர் இழக்கக் கூடாது என்ற ஆசைதான் அந்த முடிச்சை அத்தனை காலம் இறுக்கியது, அந்த ஆசையை இருவரும் விட்டபிறகுதான் அது அவிழ்ந்தது.

இரண்டாம் முறை பார்ப்பவர்கள் யோனாஸை விட்டுவிட்டு, காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் இன்னொரு பாத்திரமான கிளாடியாவின் பின்னால் போங்கள். அவளும் மகள் ரெகினாவுக்காகத்தான் ஓடுகிறாள், ஆனால் உல்ரிக் மாதிரிக் கல்லைத் தூக்கவில்லை. நடக்க வேண்டியதை நடக்கவிட்டு, தன் பங்கையும் பிசகாமல் நடித்து, இடைவெளி எங்கே இருக்கிறது என்று பல வருடம் தேடுகிறாள். விருப்பம், விதி பற்றி அந்தத் தொடர் சொல்வதில் பாதிக்கு மேல் அவள் காட்சிகளில்தான் இருக்கிறது.