ஊட்டிக்கு ஓடாதீர்கள், மேட்டுப்பாளையத்தில் இறங்குங்கள்

கனடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறைக்கு வருகிறவர்களில் பலர் கோவையில் ஒரு காரைப் பிடித்து நேரே ஊட்டிக்குப் போய்விடுகிறார்கள். அங்கிருந்து குன்னூர் வரை மலை ரயிலில் உட்கார்ந்து வந்து, நீலகிரி ரயிலைப் பார்த்தாகிவிட்டது என்று உறவினர்களுக்குப் படம் அனுப்புகிறார்கள். அந்தப் பாதையில் வண்டியை இழுப்பது டீசல் எஞ்சின். நீராவி எஞ்சின் வேண்டுமென்றால் அடிவாரமான மேட்டுப்பாளையத்துக்குத்தான் வரவேண்டும்.

ரயில் நிலையத்தையொட்டியே சிறிய ரயில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. முந்தைய நாள் மாலையே வந்துவிட்டால் அவசரமில்லாமல் பார்க்கலாம். அரை மணி நேரம் போதும். அதைப் பார்த்துவிட்டு மறுநாள் ரயிலேறினால், பெட்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது புரியும். அடுத்த நிலையமான கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறுகிறது. செங்குத்தான இடத்தில் ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் கொடியோடு நிற்கும் பிரேக் ஊழியரைக் கவனியுங்கள்.

குன்னூர் வரை 1899-இல், ஊட்டி வரை 1908-இல் வந்த பாதை இது: 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள். 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் சேர்ந்ததால் மட்டும் எஞ்சின் ஓடிவிடாது. சுவிட்சர்லாந்தில் செய்த பழைய 'எக்ஸ்' வகை எஞ்சின்களில் கடைசியானவை 1952-இல் வந்தவை. உதிரிபாகம் கேட்டால் தருவார் யாருமில்லை. அதனால் திருச்சி பொன்மலைப் பணிமனைக்காரர்கள் உதிரிபாகங்களைத் தாங்களே வார்த்தும் கடைந்தும் செய்தார்கள். 2011 முதல் புது நீராவி எஞ்சின்களையே கட்டி இந்த மலைக்கு அனுப்பினார்கள். என் கணக்கில் உண்மையான பாதுகாப்பு அதுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி டிக்கெட். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணி வாக்கில் ஒரே வண்டிதான், இடங்களும் குறைவு. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். விமான டிக்கெட் எடுத்த கையோடு இதையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். வெளிநாட்டு எண்ணை வைத்து ரயில்வே தளத்தில் பதிவு செய்வது சற்றுப் பொறுமையைச் சோதிக்கும், ஊரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொல்லிவிடுவது எளிது. அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் போதும். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ், மலை ரயிலைப் பிடிக்கத் தோதாகக் காலையில் வந்து சேரும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் வண்டி அடிக்கடி ரத்தாகும். அந்த மாதங்களில்தான் வர முடியுமென்றால் பஸ்ஸில் ஏறவும் தயாராக வாருங்கள். ஊட்டி வரை ஏற ஐந்து மணி நேரம் பிடிக்கும். சிறு பிள்ளைகள் இருந்தால் குன்னூரிலேயே இறங்கிவிடலாம், நீராவியும் அங்கேயே முடிந்துவிடுகிறது. இடையில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம், வழியிலுள்ள ஹில்குரோவ் நிலையத்துக் குரங்குகளுக்குப் பாஸ்போர்ட்டெல்லாம் கணக்கில்லை.