நிறைபாரத்தோடு ஊட்டி மலை இறங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம். ஏழு பேர், மேலே கேரியரில் கூடாரம், பாய், அடுப்பு, போதாததற்கு ஊட்டியில் வாங்கிய ஒரு மூட்டை கேரட். கோத்தகிரி தாண்டிப் பாதி இறங்கியிருப்போம். "என்னப்பா, ஏதோ கருகுற வாடை வருதே" என்றார் பின்சீட்டிலிருந்து அம்மா. பிரேக்கை மிதித்தேன், பஞ்சை மிதித்த மாதிரி உள்ளே போனது. தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஓர் அகலமான இடம் கிடைத்ததால் எப்படியோ நிறுத்தினேன். முன்சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

தவறு என்னுடையதுதான். ஏற்றம்தான் கஷ்டம், இறக்கம் சுலபம் என்று நினைத்திருந்தேன். மூன்றாம் கியரில் போட்டுவிட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே அவ்வளவு தூரமும் வந்திருக்கிறேன்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 300. இரண்டு டன் வண்டி இந்த 1,500 மீட்டரும் இறங்கும்போது கிளம்பும் ஆற்றல் சுமார் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவையும் பிரேக் தலையில் கட்டினால் அது எப்படித் தாங்கும்? பிரேக் ஆயில் வேறு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருந்தால் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். உள்ளே ஆவிக்குமிழ் வந்துவிட்டால் பெடல் அமுங்கும், பிரேக் பிடிக்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள். மலைக்குப் போகும் முன்பாவது மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பார்கள் பழைய டிரைவர்கள். அதைவிட நல்ல பாடம் இல்லை. கொண்டை ஊசி வளைவுக்குள் போன பிறகு கியரைத் தேடாமல், முன்பே செகண்டுக்கு வந்துவிட வேண்டும். பிரேக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தமாக ஒரு மிதி, வேகம் குறைந்ததும் காலை எடுத்துவிடுவது. ஆட்டோமேட்டிக் வண்டியை டி-யில் விட்டுவிடாதீர்கள். எல் அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது உயிரோடு விளையாடுவது. இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமாகவே நிறுத்திக்கொள்கின்றன, அதனால் மிச்சமும் இல்லை.

கேரியரில் கனமானதை ஏற்றாதீர்கள். உயரத்தில் பாரம் இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும். அரிசி, தண்ணீர் கேன் எல்லாம் கீழே. மேலே பாய், போர்வை போதும்.

பின்னால் கேம்பர் டிரெய்லரை (படுத்துத் தூங்க வசதியுள்ள இழுவை வண்டி) இழுத்துப் போகிறவர்களுக்குக் கவலை இரட்டிப்பு. அதற்குத் தனி பிரேக் இல்லையென்றால், இறக்கத்தில் அதன் எடை முழுவதும் உங்கள் வண்டியை முதுகில் தள்ளும். வளைவில் அதன் சக்கரம் உங்கள் சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இருக்க வேண்டும். பாரத்தைப் பின்கோடியில் அடுக்கினால் டிரெய்லர் வால் ஆட்டும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் பல முறை இழுத்துப் பழகாமல், குழந்தைகளோடு முதல் முறையாக இங்கே கொண்டுவர வேண்டாம்.

மேப் காட்டுகிறது என்று கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கக் கிளம்பாதீர்கள். 36 வளைவுகள், மிகச் செங்குத்து. விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடை விதித்தார்கள். கூடலூர் சுற்றிப் போகலாம். ஆனால் அந்தப் பக்கம் மைசூர் போகும் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். சீசனில் பர்லியார், குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதையாக்குவதும் உண்டு. 2024 மே முதல் ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது, அதையும் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.

எதிரே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பாரம் ஏற்றிய பஸ்ஸை நடு ஏற்றத்தில் நிறுத்தவைத்தால் அது மறுபடி கிளம்பப் படும் பாடு பெரிது.

சரி, அப்படியும் கருகல் வாடை வந்தால்? எஞ்சினை அணைக்காமல் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கமாக ஒதுக்குங்கள். நின்றதும் முதல் கியரில் போட்டு அணைத்துவிட்டு, சக்கரத்துக்கு இரண்டு கல் வையுங்கள். டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, கோணிவிடும். நாங்கள் அன்று முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பெடல் மறுபடி கெட்டியான பிறகுதான் செகண்ட் கியரில் நகர்ந்தோம். கீழே போனதும் முதல் வேலையாக மெக்கானிக்கைத் தேடினோம்.