தொடங்காத கணக்குக்கு ஏடிஎம் கார்டு வந்தால்

போன மாதம் கோத்தகிரி வீட்டுக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே என் பெயரில் ஏடிஎம் கார்டு. அந்த வங்கியின் படியைக்கூட நான் மிதித்ததில்லை. மழையில் நனைந்து பிசுபிசுத்த உறையைக் குப்பையில் போட இருந்தேன். நல்லவேளை, போடவில்லை. தபால் முத்திரையோடு அதுதான் முதல் சாட்சி.

கார்டை ஆக்டிவேட் செய்யாதீர்கள். உறையிலுள்ள எண்ணுக்கும் அழைக்க வேண்டாம், அதுவும் போலியாக இருக்கலாம். நேரே கிளைக்குப் போங்கள் (எனக்குக் குன்னூருக்கு ஒரு பஸ்). “இந்தக் கணக்கை நான் தொடங்கவில்லை, உடனே முடக்குங்கள், விண்ணப்பம், கேஒய்சி (அடையாளச் சான்று) நகல் தாருங்கள்” என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் கடித நகலில் சீலும் தேதியும் வாங்காமல் எழுந்து வராதீர்கள். வாய்ப்பேச்சுக்கு “பார்க்கிறோம்” என்பார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் சைபர் கிரைமில் புகார், போன் எண் 1930. இப்படிப்பட்ட கணக்குகளில் திருட்டுப் பணம் புரளும். போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரத்துக்கு 14448.

வேறு கணக்கும் இருக்குமோ? வருமான வரித் தளத்தில் ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) பாருங்கள். உங்கள் பான் எண்ணில் வட்டி போட்ட வங்கிகள் அதில் தெரியும். சரி, ஆதார் பயோமெட்ரிக்கையும் இன்றே பூட்டிவிடுங்கள்.