வாட்டைக் கூட்டாதீர்கள், மோட்டாரைப் பாருங்கள்: வீட்டு ஜெனரேட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரத்தநாடு பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் புது ஜெனரேட்டர், அட்டைப் பெட்டியைக்கூட இன்னும் தூக்கிப் போடவில்லை. அவர் கயிறை இழுத்து ஸ்டார்ட் செய்தார். அவர் மனைவி உள்ளே போய் மோட்டார் பட்டனை அமுக்கினார். இன்ஜின் சத்தம் அடங்கி, தொண்டையில் சோறு சிக்கியது போல் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. "பீஸ் சரியில்லண்ணே, மாத்தித் தரச் சொல்லணும்" என்றார். பீஸில் ஒரு குறையும் இல்லை. 2012-இல் என் வீட்டு வாசலில் நானும் இதையேதான் சொன்னேன்.

ஆயில் பாருங்கள், மழையில் நனைய விடாதீர்கள் என்பதெல்லாம் கூடவே வரும் புத்தகத்தில் இருக்கிறது. அதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. படித்தவர்களும், வயரிங் தெரிந்தவர்களும், நானும் செய்த தவறுகள் மட்டும்.

வாட்டைக் கூட்டி ஜெனரேட்டர் வாங்குவது

கடையில் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுவார்கள். ஃபேன் நாலு, 300 வாட். லைட் எல்லாம் சேர்த்து 100. ஃபிரிட்ஜ் 150. டிவி 100. போர் மோட்டார் 1 ஹெச்பி, அதாவது 746. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 1,400. "2 கேவிஏ தாராளம் சார்." (கேவிஏ என்பது ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு, 1 கேவிஏ என்றால் 1,000 வோல்ட்-ஆம்பியர்.) பில் போட்டாயிற்று.

கூட்டலில் பிழையில்லை. கூட்டியதே பிழை.

முதல் விஷயம், 746 வாட் என்பது மோட்டார் வெளியே கொடுக்கும் வேலை. அதைக் கொடுக்க அது உள்ளே இழுப்பது 1,100, 1,200 வாட் வரை போகும். சரி, அது சின்ன வித்தியாசம், சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஸ்டார்ட்டிங் கரண்ட். உங்கள் போர் மோட்டார் பேனல் பாக்ஸில் ஆம்பியர் மீட்டர் இருந்தால், ஈ.பி. கரண்ட் இருக்கும்போது பச்சை பட்டனை அமுக்கிவிட்டு அதையே பாருங்கள். முள் ஒரே தாவலில் கடைசிக்குப் போய் இடித்துவிட்டு, பிறகு 7-க்கோ 8-க்கோ இறங்கி நிற்கும். அந்த ஒரு தாவலுக்குத்தான் ஜெனரேட்டர் வாங்க வேண்டும். ஓடும்போது 7 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், கிளம்பும்போது அதைப்போல் நாலைந்து மடங்கு கேட்கும். 35 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு 230-ஆல் பெருக்கினால் 8 கேவிஏ வருகிறது. ஒரு விநாடிகூட இருக்காது. ஆனால் அந்த நேரத்துக்கு ஜெனரேட்டர் அதைத் தாங்க வேண்டும்.

ஈ.பி. லைனில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் தெருமுனையில் 63 அல்லது 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. உங்கள் மோட்டார் தாவுவது அதற்குக் கொசு கடித்த மாதிரி. 2 கேவிஏ ஜெனரேட்டருக்குப் பின்னால் நிற்பது ஸ்கூட்டர் இன்ஜினைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பிஸ்டன்.

இன்ஜின் நின்றுவிட்டால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எனக்கு நிற்கவில்லை. அந்த 2012-இல் மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. சென்னைக்காரர்களுக்கு இது கதை போலத் தோன்றும், எங்களுக்கு அன்றாடம். வட்டிக்கு வாங்கி ஒரு 2.2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் எடுத்தேன். பட்டனை அமுக்கினேன். டியூப்லைட் மங்கியது, வோல்ட் மீட்டர் 150-க்கு இறங்கியது, இன்ஜின் முக்கிக்கொண்டே ஓடியது. ஆம்பியர் முள் போன இடத்திலிருந்து திரும்பவே இல்லை. தரை மேல் இருக்கும் மோட்டாராக இருந்தால் முனகுவது காதில் விழும், உடனே ஆஃப் செய்வோம். போர் மோட்டார் 220 அடிக்குக் கீழே கிடக்கிறது, அது அலறினாலும் மேலே கேட்காது. தண்ணீர் ஏறும் என்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தரம் முயற்சி செய்தேன், மூன்றாவது தரம் பேனலிலிருந்து கெப்பாசிட்டர் வாசனை வந்தது. வைண்டிங் கருகிவிட்டது.

மோட்டாரைத் தூக்கக் கப்பி, ஆள், வைண்டிங் கூலி, திரும்ப இறக்க ஆள் என்று ஜெனரேட்டர் விலையில் கால்வாசி போயிற்று. நான் எலக்ட்ரீஷியன் என்பதைத் தெருவே அறியும் என்பது தனி வேதனை.

ஏன் கிளம்பவில்லை என்றால், வோல்டேஜ் குறையும்போது மோட்டாரின் தள்ளும் விசை அதே அளவில் குறைவதில்லை, அதற்கும் மேல் குறைகிறது. வோல்டேஜ் முக்கால் பங்கானால் விசை பாதியைவிடக் கொஞ்சம்தான் மிஞ்சும். 150 வோல்ட்டில் பாதிகூட இல்லை. சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டார் ஸ்டார்ட்டிங் கரண்டைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருக்கும். அதில்தான் வேகிறது.

அந்தத் தாவல் ஒரு விநாடிகூட நிற்காது என்பதால் முழு 8 கேவிஏ தேவையில்லை, ஆனால் 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் போர் மோட்டார் இருக்கும் வீட்டுக்கு 4 கேவிஏக்குக் கீழே நான் எழுதித் தருவதில்லை. 5 என்றால் நிம்மதி. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது 'மேக்ஸிமம்', தொடர்ந்து ஓட்டக்கூடியது அதைவிடக் குறைவு. பின்பக்கத் தகட்டில் 'ரேட்டட்' என்று இருப்பதைப் படியுங்கள். மோட்டாரை முதலில், தனியாக ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் அது ஓடி நிலைத்த பிறகு. இந்த வரிசையை மாற்றியதால் மட்டும் என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரத்தநாட்டுக்காரர், "அப்ப இதை வித்துட்டுப் பெரிசா வாங்கணுமாண்ணே?" என்றார். அவர் வீட்டில் தரைத்தொட்டி இருக்கிறது. கரண்ட் இருக்கும்போது போர் தண்ணீர் அதில் விழட்டும். அதிலிருந்து மாடி டேங்குக்கு ஏற்ற தரை மேல் வைக்கும் அரை ஹெச்பி மோனோபிளாக் மோட்டார் போதும், தனியாக ஸ்டார்ட் செய்தால் அவர் வாங்கிய ஜெனரேட்டரே அதை இழுக்கும். புது ஜெனரேட்டர் விலையில் சின்னப் பங்குதான் அந்த மோட்டார். ஜெனரேட்டர் கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய பீஸ் விற்றால்தானே அவர்களுக்கு லாபம்.

அப்படியானால் பெரிதாகவே வாங்கிவிடுவோம் என்பது

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன, உள்கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. மினி லாரியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக டேங்க் நிரப்பிக் கொடுத்துக் காசு பார்த்தார்கள். அதைப் பார்த்துப் பயந்த ஒரு வாடிக்கையாளர் 15 கேவிஏ த்ரீ ஃபேஸ் டீசல் செட் வாங்கிவிட்டார். என்னிடம் சொன்னபோது அது வீட்டில் இறங்கியாயிற்று.

அடுத்த வருடம் கூப்பிட்டார். சைலன்ஸர் இணைப்பிலிருந்து தார் போலக் கருப்பாக வடிகிறது, ஆயில் லீக் என்று நினைத்திருக்கிறார். அது லீக் இல்லை. நாலு ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும் மட்டும் போட்டு மணிக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். டீசல் இன்ஜினுக்கு மூன்றில் ஒரு பங்கு லோடாவது வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போதுமான சூடு ஏறாது, டீசல் முழுதாக எரியாது, எரியாதது கரியோடு சேர்ந்து வடியும். இன்ஜின் கெட்டுப்போவது பிறகுதான் தெரியும். இன்னொன்று, 15 கேவிஏ என்பது மூன்று ஃபேஸும் சேர்ந்து. ஒரு ஃபேஸில் 5 தான் எடுக்கலாம். அவர் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் மாட்டியிருந்தார்.

இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர்

ஜெனரேட்டர் கரண்ட்டை வீட்டு பிளக் பாயிண்ட் வழியாகவே உள்ளே ஏற்றும் வயர் இது. செய்யாதீர்கள். செய்து தரும் எலக்ட்ரீஷியனைத் திரும்ப வீட்டுக்குள் விடாதீர்கள்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே மாட்டுறோம்" என்பார்கள். ஒரு நாள் மறந்தால், உங்கள் கரண்ட் பின்பக்கமாகத் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். ஈ.பி. கரண்ட்டை 11,000 வோல்ட்டிலிருந்து இறக்கிக் கொடுக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மர், இந்தப் பக்கம் போகும்போது ஏற்றிக் கொடுக்கும். ஊர் லோடு மொத்தமும் இழுத்து ஜெனரேட்டர் நின்றுவிடும் என்று சமாதானம் சொல்பவர்கள், புயலுக்குப் பிறகு லைன் அறுந்து ஊர் லோடே இல்லாமல் கிடக்கும் என்பதை யோசிப்பதில்லை. கம்பத்தில் ஏறியிருப்பவர் லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கை வைத்திருப்பார்.

சேஞ்ச் ஓவரில் நியூட்ரலை விட்டுவிடுவது

வீட்டை ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடுபவர்கள்கூடப் பாதிப் பேர் ஃபேஸை மட்டும் மாற்றுகிறார்கள். நியூட்ரல் எப்போதும் தெருவோடு சேர்ந்தே இருக்கும். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு முனை, த்ரீ ஃபேஸுக்கு நாலு முனை மாறும் ஸ்விட்ச்தான் வேண்டும். நியூட்ரலும் மாற வேண்டும்.

மாறாவிட்டால் என்ன? புயலில் அறுந்த தெரு நியூட்ரல் எதன் மேல் விழுந்து கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது, அதுவும் உங்கள் வீட்டு வயரும் ஒன்று. பல வீடுகளில் ஃபேஸ் ஆர்சிசிபிக்கு (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடும் ஸ்விட்ச்) அந்தப் பக்கமும் நியூட்ரல் இந்தப் பக்கமுமாகப் போவதால் ஜெனரேட்டர் போட்டாலே டிரிப் ஆகும். நாலு தரம் டிரிப் ஆனதும் ஆர்சிசிபியையே கழற்றி நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். ஷாக்கிலிருந்து காப்பாற்ற வைத்த ஒரே பொருள் அது.

சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்களில் இன்னொரு வில்லங்கம். பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் அந்தரத்தில் இருக்கும். அப்படியே வீட்டுக்குக் கொடுத்தால், பாடியில் கரண்ட் கசிந்தாலும் ஆர்சிசிபிக்குத் தெரியாது. டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்த்தால் டக்கென்று விழும், அதை நம்பாதீர்கள். அந்தப் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை. ஜெனரேட்டருக்கு எர்த் கொடுத்து, நியூட்ரலையும் எர்த்தையும் ஜெனரேட்டர் முனையில் ஓர் இடத்தில் இணைக்க வேண்டும். ஜெனரேட்டர் இன்வெர்ட்டர் வகையாக இருந்தால் கம்பெனி அதற்கு அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு. இது நீங்களே செய்யும் வேலையில்லை.

த்ரீ ஃபேஸ் வீட்டுக்காரர்களுக்கு: நாலு முனை ஸ்விட்சில் நியூட்ரல் ஸ்குரூவை வருடம் ஒரு தரம் முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அது லூசாகிக் கழன்றால் லோடு குறைவாக இருக்கும் ஃபேஸில் 400 வோல்ட் பக்கம் ஏறும். ஒரு வீட்டில் டிவி, வைஃபை பாக்ஸ், ஃபிரிட்ஜ் போர்டு மூன்றும் ஒரே நொடியில் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்குரூ கால் சுற்றுதான் கழன்றிருந்தது.

மாடிப்படிக்கு அடியில் வைப்பது

சத்தத்துக்கும் திருட்டுக்கும் பயந்து போர்ட்டிகோ, கார் ஷெட், படிக்கு அடியில் எல்லாம் வைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலை சுற்றும்போது தூக்கம் வருகிறது என்றுதான் தோன்றும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், நிறுத்தி வைத்திருந்த கேரவனுக்குள் ஏ.சி. போட்டு உறங்கிய இருவர் அதன் ஜெனரேட்டர் புகையில் இறந்தார்கள். திறந்த வெளியில், 20 அடியாவது தள்ளி, புகைபோக்கி ஜன்னலைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி இருக்கட்டும். சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், திருட்டுக்கு அது போதும்.

ஓடும்போதே பெட்ரோல் ஊற்றுவது

அணைத்துவிட்டு, சூடு ஆறும் வரை பத்து நிமிடம் இருட்டில் உட்காருங்கள்.

ஆறு மாதம் தொடாமல் வைப்பது

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் துளை அடைத்துக்கொள்ளும். ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்த பிறகு கயிறை இழுத்து இழுத்துத் தோள் வலியோடு என்னைக் கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. நிறுத்தும்போது ஸ்விட்சை அணைக்காமல் பெட்ரோல் வால்வை மூடுங்கள், உள்ளே இருப்பது எரிந்து தானாக நிற்கும். மாதம் ஒரு தரம் லோடோடு கால் மணி நேரம் ஓட்டுங்கள்.

வீட்டில் கேன் கேனாகச் சேர்த்து வைப்பவர்களுக்கு: உரிமம் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

பழையது வாங்குவது

லோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காலியாக ஓடாத ஜெனரேட்டர் உலகத்தில் கிடையாது.

இன்வெர்ட்டரை மறந்துவிடுவது

வீட்டில் ஏற்கெனவே பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருக்கும். ஜெனரேட்டர் போட்டதும் அது சார்ஜ் ஏற ஆரம்பிக்கும், பேட்டரி காலியாக இருந்தால் 200 வாட்டிலிருந்து இரண்டு பேட்டரிக்கு 500 வாட் வரை அதுவே தின்னும். இந்தக் கணக்கை யாரும் காகிதத்தில் எழுதியதில்லை.

சில வீடுகளில் நேர் எதிராக, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், இன்வெர்ட்டர் அதை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடும், அரை மணியில் 'லோ பேட்டரி' என்று கத்தும். பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் 'யூபிஎஸ்' பக்கம் இருக்கும். அந்த நிலையில் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏற்காது. ஜெனரேட்டர் ஓடும்போது அதை மறுபக்கம் தள்ளிவிடுங்கள். கம்ப்யூட்டர் வைத்திருந்தால் ஈ.பி. வந்ததும் மறக்காமல் திருப்பி வையுங்கள்.