கொழும்பில் பட்டம் கட்டி ஏற்றுவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பட்டம் என்றால் தைப்பொங்கல்தான். கொழும்பில் கணக்கு வேறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடல் பக்கமிருந்து வீசும். மழையில்லாத பின்னேரமாகப் பார்த்துக் காலிமுகத்திடலுக்குப் போகலாம். அங்கேயே பட்டம் விற்கிறார்கள்தான். ஆனால் கட்டத் தெரிந்தவருக்குத்தான் ஏறாத பட்டத்தைத் திருத்தவும் தெரியும்.

சட்டம்: மூங்கிலைப் பிளந்து மெல்லியதாகச் சீவி, 45 சென்டிமீற்றரில் இரண்டு குச்சிகள் எடுங்கள். கத்தி வேலை பெரியவர்களுக்கு. ஒன்றை நிமிர்த்தி வைத்து, உச்சியிலிருந்து 11 சென்டிமீற்றர் கீழே மற்றதைக் குறுக்கே வைத்து நூலால் இறுக்கிக் கட்டுங்கள். குறுக்குக் குச்சி அதன் சரியான நடுவில் கட்டப்பட வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் பட்டம் அந்தப் பக்கமே சாயும். பிறகு நான்கு முனைகளையும் சுற்றி நூல் கட்டுங்கள்.

கடதாசி: டிசு பேப்பரில் சட்டத்தை வைத்து, இரண்டு சென்டிமீற்றர் கூடுதலாக விட்டு வெட்டி, நூலின் மேல் மடித்து ஒட்டுங்கள். கோதுமை மாவைக் காய்ச்சிய பசையே போதும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். பசையை மட்டும் அள்ளிப் பூச விடாதீர்கள், கனம் கூடிவிடும்.

முச்சை: பட்டத்தையும் பறக்கும் நூலையும் இணைக்கும் நூல் கட்டு இது. ஏறாத பட்டங்களில் பெரும்பாலானவற்றின் குறை இங்கேதான். கடதாசிப் பக்கத்தில், குச்சிகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு நூல், அடி முனையிலிருந்து இன்னொரு நூல். இரண்டையும் சேர்த்துப் பக்கவாட்டில் இழுத்து, குறுக்குக் குச்சியின் நுனியைத் தொடும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். பறக்கும் நூலை அந்த முடிச்சில்தான் கட்ட வேண்டும். வீட்டில் அந்தக் காலத்தில் பட்டம் கட்டிய அப்பப்பாவோ மாமாவோ இருந்தால், முச்சையை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

வால்: பழைய சேலையைக் கிழித்து இரண்டரை மீற்றர் நீளத்துக்கு. திடலில் காற்று பலமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

சரி, இனி ஏற்றலாம். கடலுக்கு முதுகு காட்டி, கடலோரப் பக்கமாகவே நில்லுங்கள். பட்டம் காலி வீதிப் பக்கம்தான் போகும். அறுந்தால் வாகனங்களுக்கு மேல் விழும். அதனால் நூலை அளவாக விடுங்கள். ஒருவர் 15 மீற்றர் தள்ளி நின்று பட்டத்தை நிமிர்த்திப் பிடிக்கட்டும். காற்று அடிக்கும்போது அவர் விட, நீங்கள் நூலைச் சுண்டி இழுங்கள். ஓட வேண்டாம். ஓடினால்தான் ஏறும் என்றால் காற்று போதாது, அல்லது முச்சை பிழை.

பட்டம் எழும்பாமல் தரையிலேயே இழுபட்டால் முடிச்சை உச்சிப் பக்கம் ஒரு விரல் நகர்த்துங்கள். தலைக்கு மேலே போய்க் கவிழ்ந்தால் அடிப் பக்கம். சுழன்று சுழன்று விழுந்தால் வாலை நீட்டுங்கள்.

தங்கூசி (நைலோன் நூல்) பிள்ளைகளின் விரலை அறுக்கும்; பருத்தி நூலே நல்லது. கண்ணாடித் தூள் பூசிய நூல் வேண்டவே வேண்டாம். வெள்ளவத்தைக் கடற்கரை பக்கத்தில் என்றாலும் நான் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவதில்லை: கரையோடு ரயில் பாதை ஓடுகிறது, அறுந்த பட்டத்துக்குப் பின்னால் ஓடும் பிள்ளை ரயிலைப் பார்க்காது. ஒழுங்கைகளில் மின்கம்பி. கம்பியில் சிக்கினால் நூலை அப்படியே விட்டுவிட்டு வாருங்கள். மிச்சமுள்ள டிசு பேப்பரில் அன்றிரவே வேறொன்று கட்டலாம்.